வெயில் பாறையில் விரித்த கம்பளி

மேகம் இறங்கி வந்து உட்கார்ந்துவிட்டுப் போகும் உயரமான மலைக்காடு ஒன்றில் இழையினி என்ற தையல்சிட்டு இருந்தது. காட்டுக்கே குளிராடை தைத்துத் தருவது அதுதான். வீட்டுக்கு ஒரு சட்டை. தைத்த பிறகு மாற்றித் தரச் சொன்னால் மண்டையில் ஒரு கொத்து!

உறைபனி விழும் முதல் காலையில் எல்லா விலங்குகளும் மலை உச்சியில் கூடி, சூரியன் வரும்வரை ஆடும். தும்பை என்ற முயல் போன வருடம் குளிர் தாங்காமல் பாதியிலேயே ஓடி வந்துவிட்டது. இந்த வருடம் அதற்கு இரண்டு குட்டிகள். அவற்றுக்கு அந்த ஆட்டத்தைக் காட்டியே தீர வேண்டும் என்று அதற்குக் கொள்ளை ஆசை.

உறைபனிக்குச் சில வாரம் முன்பு, ஒரு நடுப்பகலில் இழையினி சுடுகிற பாறைமேல் துணிகளை விரித்து, வேண்டியதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது.

முதலில் வந்தது சொக்கன் என்ற அணில். தன் வாலின் அழகில் தானே மயங்குகிற ஆள் அது. கம்பளியைத் தொட்டதும் கையை உதறியது.

"ஐயையோ, குத்துது! இதைப் போட்டா வெந்தே போயிடுவேன். அதோ அந்த மஞ்சள் பட்டுல தைச்சுக் குடு அக்கா, மினுமினுன்னு இருக்கு!"

"நல்லா யோசிச்சுக்கோ."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? தொட்டே பார்த்துட்டேனே!"

அடுத்து தும்பை வந்தது. அதற்கும் கம்பளி சுட்டது. அதற்கும் ரோஜா நிறப் பருத்தியின் மேல்தான் மனசு போனது. "இதையே…" என்று ஆரம்பித்தது. போன வருடக் குளிர் ஞாபகம் வந்து சட்டென்று நிறுத்தியது.

"ஒரு நிமிஷம் அக்கா, இதோ வந்துடறேன்!"

ஓடிப்போய் ஓடைத் தண்ணீரில் நாலு காலையும் வைத்துக்கொண்டு நின்றது. பல் தந்தியடிக்கும்வரை நின்றது. பிறகு ஒரே ஓட்டமாகத் திரும்பி வந்து மஞ்சள் பட்டைத் தொட்டது, பருத்தியைத் தொட்டது. நடுக்கம் போகவில்லை. கம்பளிக்குள் காலை நுழைத்ததும், "அப்பாடா!" என்றது.

"துணியை நனைக்காதேடி!" என்று கத்தியது இழையினி. "கம்பளி சாம்பல் நிறத்துலதான் இருக்கு, பரவாயில்லையா?"

தும்பைக்குக் கொஞ்சம் வருத்தம்தான். "பரவாயில்ல அக்கா. குட்டிங்களும் உள்ள நுழையற மாதிரி பெருசா தைங்க. கழுத்துல மட்டும் ரோஜா நிறத்துல கரை வைங்க."

சொக்கன் விழுந்து விழுந்து சிரித்தது. "அடுப்புச் சாம்பல்ல புரண்டு எழுந்த மாதிரி இருக்கப்போற!"

உறைபனி வந்தது. மலை உச்சியில் மஞ்சள் பட்டில் வந்து நின்ற சொக்கனைப் பார்த்து எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். கொஞ்ச நேரம்தான்! அப்புறம் சொக்கன் வெடவெடவென்று நடுங்க ஆரம்பித்தது. தும்பையோ இரண்டு குட்டிகளையும் சட்டைக்குள் வைத்துக்கொண்டு குதித்துக் குதித்து ஆடியது. ரோஜாக் கரைக்கு மேலே மூன்று ஜோடிக் காதுகள் ஆடின.

சொக்கன் மெல்ல வீட்டுப் பக்கம் நழுவியது.

"அம்மா, சொக்கன் மாமா போறாரு!" என்றது ஒரு குட்டி.

தும்பை சட்டையின் ஓரத்தைத் தூக்கியது. "வாங்கண்ணே, இன்னும் இடம் இருக்கு."

சொக்கன் ஒரே பாய்ச்சலில் உள்ளே புகுந்துகொண்டது. சூரியன் எழுந்தது. எல்லோரும் ஓவென்று கூவினார்கள்.

"மாமா, எங்க சட்டை நிறம் எப்படி இருக்கு?" என்று கேட்டது குட்டி.

சொக்கன் சுகமாகக் கண்ணை மூடியிருந்தது. "நிறமா? கண்ணைத் திறந்தப்புறம் பார்த்துக்கலாம். நீ கொஞ்சம் தள்ளி இடம் விடு!"

நீதி: நாளைய தேவைக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது, இன்றைய சுகத்தைக் கொண்டு அளக்காதே.