இடது இறக்கை

மாதிரி விமானம் செய்யக் கற்றுக்கொடுக்கும் ரெஹானாவுக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. அவளிடம் பாடம் கேட்க வருகிற சற்குணம் பேரன் பேத்தி எடுத்தவர். ஆனாலும் அவர் வாயில் அவள் “டீச்சர்”தான்.

அன்று செருப்பைக் கழற்றும்போதே கேட்டார்.

“டீச்சர், ஒட்டின தாளை உரிக்கிற கத்தி எங்க இருக்கு?”

மேசைமேல் ஜன்னலைப் பார்த்து நின்றது விமானம். உடம்பு முழுக்க அலுமினியத் தாள், சப்பாத்தி சுற்றுகிற தாளைவிட மெல்லியது. பசை தடவி ஒட்டி, பஞ்சால் தேய்த்துத் தேய்த்துப் படிய வைத்தது. வலது இறக்கை சற்குணத்தின் வேலை. இடது, அவர் தம்பி பால்துரையின் வேலை. அம்மாவை அடக்கம் செய்த அன்றைக்கு முறுக்கிக்கொண்டு, பல வருஷம் பேச்சில்லாமல் கிடந்த இருவரையும் இந்த விமானம்தான் ஒரு மேசைக்குக் கொண்டுவந்திருந்தது.

“எதை உரிக்கணும் அண்ணாச்சி?”

“பார்த்தாலே தெரியலையா? என் பக்கம் கண்ணாடி. அவன் பக்கம் கழுவாத தட்டு. நாளைக்குக் கண்காட்சியில நாலு பேர் சிரிக்கவா?”

“தம்பிகிட்ட சொல்லிட்டீங்களா?”

“அவன் விமானத்துக்குப் பெட்டி வாங்கப் போயிருக்கான். வர்றதுக்குள்ள நானே வேற ஒட்டிருவேன்.”

“வந்து பார்த்தா?”

“கோவிச்சுக்குவான்.” சற்குணம் வேறெங்கோ பார்த்தார். “மறுபடி பேச மாட்டான். அதுக்காக?”

ரெஹானா கத்தியை எடுத்துக் கொடுத்தாள்.

“மூக்கை மட்டும் வாசல் பக்கமாத் திருப்பிக்குங்க.”

திருப்பினார். உரிக்கப் போன கை அப்படியே நின்றது. இடது இறக்கை பளீரென்று இருந்தது. வலது இறக்கை சாம்பல் பூத்துக் கிடந்தது.

“என்ன டீச்சர் இது?”

“தாள்ல நூல் மாதிரி கோடு ஓடும், உத்துப் பார்த்தாத்தான் தெரியும். நீங்க நீளவாக்குல ஒட்டியிருக்கீங்க. அவரு குறுக்குவாக்குல. வெளிச்சம் வர்ற பக்கம் மாறினா மினுக்கும் மாறும்.”

சற்குணம் விமானத்தை ஜன்னல் பக்கம் திருப்பினார். வாசல் பக்கம் திருப்பினார். திரும்பவும் ஜன்னல் பக்கம்.

“அப்ப ரெண்டுல எது சரி?”

ரெஹானா பசைப் புட்டியை மூடினாள். “நேத்து உங்க தம்பியும் வந்து இந்தக் கத்தியைத்தான் கேட்டாரு.”

“எதுக்கு?”

“வலது இறக்கை மங்கிப்போய் இருக்காம்.”

சற்குணத்தின் முகம் சுருங்கியது.

“என் இறக்கையவா? நீங்க என்ன சொன்னீங்க?”

“திருப்பிப் பார்க்கச் சொன்னேன். ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே இருந்தாரு. அப்புறம் கத்தியைத் திருப்பிக் கொடுத்துட்டு, அண்ணனுக்கு இப்பல்லாம் டீயில சர்க்கரை போடலாமான்னு கேட்டாரு.”