இரண்டும் தெரியும் படம்

ஊர் ஸ்டூடியோவில் படங்களை வெட்டித் திருத்தும் வேலை மங்களேசுவரிக்கு. ஒருநாள் பங்களாக்காரர் தண்டபாணி, மலைமேலிருந்து எடுத்த ஏரிப் படம் ஒன்றைக் கொண்டுவந்தார்.

“கலெக்டர் திறக்கிற கண்காட்சிக்கு இது. ஏரியும் முதல்ல கண்ணுல படணும், என் பங்களாவும் முதல்ல கண்ணுல படணும். ஏரியை ஆக்கிரமிச்ச அந்தக் குடிசைகளை வெட்டி எறி.”

அதில் ஒரு குடிசை அவளுடையது. அவற்றை இடிக்கச் சொல்லி மனுக் கொடுத்தவரும் இவரேதான். அவள் படத்தை வாங்கிப் பார்த்தாள்.

“ஒரு படத்துல ரெண்டு முதல் இருந்தா, கண்ணு எதுலங்க நிக்கும்?”

“சொன்னதைச் செய்.”

செய்தாள். குடிசைகளை வெட்டினாள், வானத்தையும் வெட்டினாள். ஏரி ஒரு ஓரம், பங்களா மறு ஓரம் என்று நெருக்கி, ஆளுயரத்துக்குப் பெரிதாக்கினாள்.

கண்காட்சியில் கலெக்டரின் பார்வை படத்தின் நடுவில் போய் நின்றது. “ஏரியின் எல்லைக்கல் உங்கள் மதிலுக்குள்ளே எப்படி வந்தது?”

படம் மாட்ட வந்திருந்த மங்களேசுவரியிடம் தண்டபாணி சீறினார். “இதை ஏன் வெட்டலை?”

“ஏரியும் வேணும், பங்களாவும் வேணும்னீங்க. ரெண்டுக்கும் நடுவுல இருக்கறதை நான் எப்படிங்க வெட்டறது?”

மறுநாள் ஏரியை அளக்க வந்தவர்கள், பங்களா மதிலிலிருந்து அளக்கத் தொடங்கினார்கள்.