போன் அடிக்காத வாரம்

"டீச்சர், எந்தச் சிஸ்டம் நல்லது?"

கேட்டவர் வேலாயுதம். ஈரோட்டில் கடைகளுக்கு வெப்சைட் செய்து கொடுக்கிறவர், தலை நரைத்தவர். டீச்சர் நிலோஃபர் அவரைவிட ரொம்பச் சின்னவர். கடைக்காரர்களே தங்கள் வெப்சைட்டை மாற்றிக்கொள்ள உதவும் மென்பொருள்களைச் சொல்லித் தருகிறார்.

வேலாயுதம் ஏற்கெனவே மூன்றைப் படித்துவிட்டார். மூன்றிலும் குறை கண்டுபிடித்துவிட்டார். அதில் மனுஷன் கெட்டிக்காரர்.

"யாருக்கு?" என்றார் நிலோஃபர்.

செடிக்கடை ரெபெக்கா அக்காவுக்கு. என்ன கன்று வந்தது, எது தீர்ந்தது என்று தினமும் காலையில் அக்கா போன் செய்வார், இவர் மாற்றுவார். இவர் ஊரில் இல்லாத ஒரு நாள், தீர்ந்துபோன மாங்கன்றைத் தேடி பவானியிலிருந்து ஒரு குடும்பமே வண்டி பிடித்து வந்துவிட்டது. இந்த மாசத்துக்குள் நானே மாற்றுகிற மாதிரி செய்து கொடுங்கள், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று அக்கா சொல்லிவிட்டார்.

"அப்போ அவங்களுக்கு எது புரியுதோ அதுதான் நல்லது."

வேலாயுதம் மாய்ந்து மாய்ந்து வேலை செய்தார். முடித்ததும் பெருமையாகக் கொண்டுவந்து காட்டினார். அழகாகத்தான் இருந்தது.

நிலோஃபர் ரெபெக்கா அக்காவை வரவழைத்து, அவருடைய பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே போகச் சொன்னார்.

அக்கா போனார். எழுத வேண்டிய கட்டம் காலியாக இருந்தது. செடிப் பெயர், விலை, படம் எல்லாவற்றையும் வேலாயுதம் டிசைனுக்குள்ளேயே எழுதிப் பூட்டியிருந்தார். அக்கா கைவைக்க ஒன்றுமே இல்லை.

"மறந்துட்டீங்களா அண்ணே?" என்றார் நிலோஃபர்.

வேலாயுதத்தின் முகம் சுண்டிப்போனது.

"அவங்களே மாத்திக்கிட்டா, அப்புறம் என்னை எதுக்குக் கூப்பிடுவாங்க டீச்சர்?"

நிலோஃபர் கீபோர்டை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

வேலாயுதம் டிசைனிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்துக் கட்டத்துக்குள் போட்டார். அக்கா பழகின அன்று, வேலாயுதத்தின் இரண்டு கையிலும் தளும்பத் தளும்ப ஒரு டீ டம்ளரைக் கொடுத்தார் நிலோஃபர். அக்கா முடிக்கும்வரை கீழே வைக்கக் கூடாதாம், குறுக்கே கை நீட்டவும் கூடாதாம். அக்கா தெரியாமல் ஒரு படத்தை அழித்தார். துழாவித் துழாவி அவரே மீட்டும் எடுத்தார். டீ ஆறிப்போனது.

மறுநாள் காலையில் போன் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. வாரம் முடிவதற்குள் வேலாயுதம் டீச்சரிடம் ஓடினார். அன்றைக்கே சொன்னேனே, அந்தம்மா என்னை மறந்தே போச்சு என்று புலம்பினார்.

"வெப்சைட்டைத் திறந்து பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

திறந்தார்.

கொய்யாவுக்கு அவர் எழுதியிருந்தது, 'நாட்டுக் கொய்யா, கையிருப்பு உண்டு.' அவ்வளவுதான். இப்போது அதன் கீழே இப்படி இருந்தது: 'பாத்திரம் கழுவுற தண்ணி போற இடத்துல வைங்க. முதல் காய்ப்பை அணிலுக்கு விட்டுடுங்க, அது எப்படியும் உங்களைக் கேக்காது.'

பலாவுக்கு: 'மாடித் தொட்டியில வைக்கிறதுன்னா தர மாட்டேன். செத்துப்போனா என்கிட்டதான் வந்து அழுவீங்க.'

வேலாயுதம் வாய்விட்டுச் சிரித்தார். அடுத்த செடிக்குப் போனார்.

மேஜைமேல் போன் அடித்தது. ரெபெக்கா அக்கா.

"அண்ணே, போன்," என்றார் நிலோஃபர்.

"இருங்க டீச்சர். முருங்கையைப் படிச்சிட்டு எடுக்கிறேன்."