இலையின் அடிப்பக்கம் நரம்பு புடைத்த கதை

அந்தக் காலத்தில் இலைகளுக்கு இரண்டு பக்கமும் வழவழவென்றுதான் இருக்கும். இலையும் பேசும், நண்டும் பேசும். நண்டு வாயைத் திறந்தால் மூடாது. அப்படிப்பட்ட ஒரு நண்டுதான் ஆற்றங்கரையில் குட்டிகளுக்கு ஓவிய டீச்சர்.

ஒருநாள் மஞ்சளில் சுண்ணாம்பைக் குழைத்துச் சிவப்புச் சாயம் செய்தாள். "வாங்க கண்ணுங்களா! காலைச் சாயத்துல நனைச்சு இந்த வெள்ளைப் பாறையில பதிங்க. யாரோட அச்சு இங்க இருக்கோ, அவங்கதான் நாளையிலிருந்து நம்ம வகுப்பு" என்றாள்.

அணில் பதித்தது, தவளை பதித்தது, கொக்குக் குஞ்சு இரண்டு தரம் பதித்தது. சுருளி என்ற பாம்புக்குட்டி மட்டும் ஓரத்தில் கிடந்தான். பத்துக் காலோடு திரிகிறவளுக்கு, காலே இல்லாத பிள்ளை ஒருவன் இருப்பது தோன்றவே இல்லை பாருங்கள்!

சுருளி சாயத்தில் புரண்டு பாறைமேல் ஊர்ந்து பார்த்தான். நீளமாக ஓர் ஈரக் கோடு விழுந்தது.

"ஐயே, யாரோ துடைச்சுவிட்ட மாதிரி இருக்கு!" என்றது தவளை. எல்லாரும் சிரித்தார்கள். பாவம், சுருளிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இனி நாளைக்கு அவனுக்கு வகுப்பு ஏது?

பாறையை ஒட்டி ஒரு பூவரச மரம். அதன் தாழ்ந்த கிளையிலிருந்த இலைக்கு மனசு கேட்கவில்லை. "அழாதேடா. என் அடிப்பக்கத்துல சாயம் தடவு" என்றது.

சுருளி தன் வயிற்றாலேயே சாயத்தைத் தடவினான். இலை பாறைமேல் கவிழ்ந்து படுத்தது, அவன் அதன்மேல் ஏறிப் படுத்து அழுத்தினான். எடுத்துப் பார்த்தால் வெறும் சிவப்புத் திட்டு.

"போச்சு அக்கா!"

"பொறு, இன்னொரு தரம்" என்ற இலை, மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளிருந்த நரம்பையெல்லாம் அடிப்பக்கமாகத் தள்ளியது. உயிர் போகிற வலி. ஆனாலும் விடவில்லை.

இந்தத் தரம் சுருளி சாயம் தடவி அழுத்தியதும் பாறையில் காம்பு, நடுநரம்பு, கிளை நரம்பு எல்லாம் அச்சு அசலாக விழுந்தன. குட்டிகள் பார்க்க முண்டியடித்தார்கள்.

நண்டு டீச்சர் தலையில் குட்டிக்கொண்டாள். "அச்சுன்னா காலுதான்னு நினைச்சேனே, என் புத்தியை என்ன சொல்ல! மன்னிச்சிருடா சுருளி. நீ நம்ம வகுப்புதான்."

சுருளி இலையிடம் போனான். "வலிக்குதாக்கா? நரம்பை உள்ள இழுத்துக்கோயேன்."

இலையும் இழுக்கத்தான் பார்த்தது. அதற்குள் சேதி கேட்டு, கால் இல்லை என்று அதுவரை வகுப்புப் பக்கமே வராத மண்புழுவும் நத்தையும் மெல்ல மெல்ல ஊர்ந்து வந்துகொண்டிருந்தன.

"இருக்கட்டும்டா" என்றது இலை. மரத்தின் மற்ற இலைகளும் ஒவ்வொன்றாக மூச்சைப் பிடித்தன.

அன்று முதல்தான் இலைகளுக்கு அடிப்பக்கத்தில் நரம்பு புடைத்திருக்கிறது. "டீச்சர், எனக்கு மட்டும் அச்சு வரலை" என்று கண் கலங்கும் பிள்ளையிடம், "இலையைத் திருப்பிச் சாயம் தடவு கண்ணு, வரும்" என்று டீச்சர்மார் சொல்வதும் அன்று முதல்தான்.