மஞ்சக்குருவியின் முன் சீட்டு

மாரப்பண்ணன் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட வேண்டும், மீதிப் பாதியை அவர் சம்சாரத்திடம் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். எங்கள் ஷெட்டில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி இது. ஆனால் அந்த ஆயுத பூஜை அன்று அவர் பொழுதுபோக்குக்குப் புளுகவில்லை. ஒரு சீட்டுக்காகப் புளுகினார்.

வேலங்காட்டுப் புதூர் மைதானத்து ஓரத்தில் இருக்கிறது ஷெட். உள்ளே ஒரே ஒரு பழைய விமானம். மேலே ஒரு ஜோடி, கீழே ஒரு ஜோடி என்று ரெட்டை இறக்கை. மரச்சட்டத்தில் துணியை இழுத்துத் தைத்து மஞ்சள் பெயிண்ட் அடித்தது. கூரை கிடையாது. முன்னால் ஒரு குழி, பின்னால் ஒரு குழி, ஆளுக்கொன்றில் இறங்கி உட்கார வேண்டியதுதான். கேப்டன் பிரமிளா அம்மாவின் அப்பா காலத்து வண்டி. நாங்கள் வைத்த பெயர் மஞ்சக்குருவி.

மாரப்பண்ணன் அதற்கு ராத்திரிக் காவல். இறக்கைக்கு அடியில் கட்டில் போட்டுப் படுத்திருப்பார். விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்த் தூங்கிவிடுவார். குருவி பறப்பது பகலில். ஆகையால் அது தரையை விட்டுக் கிளம்பி அவர் பார்த்ததே இல்லை என்று வெல்டர் திருமூர்த்தி அடித்துச் சொல்வான்.

அன்று காலையில் சந்தனம், குங்குமம் வைத்து, இறக்கைகளுக்கு நடுவே இருக்கும் கம்புகளில் வாழைக்கன்று கட்டி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, பொரிகடலைப் பொட்டலமும் கொடுத்து முடித்தாயிற்று. பூஜை முடிந்ததும் உங்களில் ஒருவரை முன் சீட்டில் ஏற்றி ஒரு சுற்று கூட்டிப் போகிறேன், யாரென்று நீங்களே பேசி வையுங்கள் என்று அம்மா சொல்லியிருந்தார். வீட்டுக்குப் போக வேண்டிய மாரப்பண்ணன் போகவில்லை. தூக்கம் சொக்கும் கண்ணோடு பொரியை மென்றுகொண்டு ஆரம்பித்தார்.

"பழக்கமில்லாத ஆளை ஏத்துனா வண்டி மிரண்டுக்கும். நான் ஓட்டியிருக்கேன், சொல்றேன்."

"எப்பங்ண்ணா?" என்றான் திருமூர்த்தி. குருவியின் புகைக்குழாய் உடைந்தபோது அதைப் பற்றவைத்தவன் அவன். சீட்டு தனக்குத்தான் என்று தலையை வழித்து வாரிக்கொண்டு வந்திருந்தான்.

போன ஐப்பசியில் என்றார் மாரப்பண்ணன். குருவியின் மூக்கில் இருக்கும் காற்றாடியைத் துடைக்கும்போது கை பட்டு இன்ஜின் கிளம்பிவிட்டதாம். ஓடுகிற வண்டியில் தொற்றி ஏறினாராம். ஏறின வேகத்தில் சந்தோஷம் தாங்காமல் சிரிக்க வாயைத் திறந்தது தப்பாகிவிட்டது. காற்று போய் வயிற்றை நிரப்பியதில் அன்றைக்கு மூன்று வேளையும் பசிக்கவில்லை.

"அதான் அண்ணி சோறு மிச்சம்னு எங்கூட்டுக்குக் கொடுத்துவிட்டாங்களா?" என்றான் திருமூர்த்தி.

அவர் கண்டுகொள்ளவில்லை. பொள்ளாச்சிக்கு மேலே போனதும் எதிர்க்காற்று பிடித்துக்கொண்டது. குருவி இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது. பக்கத்தில் பார்த்தால் தென்னை மண்டையில் ஒரு மரமேறி. அவனோடு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாராம். என்ன பேசினீர்கள் என்று கேட்டதற்கு, அவன் மச்சினனுக்குப் பெண் பார்க்கிறார்கள், அது விஷயமாகத்தான் என்றார். பெட்ரோல் தீரப் போகிறது என்றதும் அவன் இளநீர் சீவி டேங்கில் ஊற்றிவிட்டான். அதிலிருந்துதான் இன்ஜின் சூடாகாமல் ஓடுகிறது.

மெக்கானிக் ஆரோக்கியம் இன்ஜினை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"பொறவு குட்டிக்கரணம் அடிச்சேன்" என்றார் மாரப்பண்ணன். "அடிச்ச வேகத்துல என் முதுகு எனக்கே முன்னால போகுது. பார்த்தா, சட்டை தோள்பட்டைல கிழிஞ்சிருந்துச்சு. அப்பத்தான் எனக்கே தெரியும். எறங்கினதும் முதல் வேலையா தைக்கக் கொடுத்தேன்."

திருமூர்த்தி எழுந்து போய் அவர் தோள்பட்டையைப் பார்த்தான். தையல் இருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டான்.

அதில் அவருக்கு இன்னும் உற்சாகம் ஏறிவிட்டது. எழுந்து நின்று கையிரண்டையும் விரித்துக்கொண்டார். அதற்கு முந்தின ஆயுத பூஜையில் வாழைக்கன்றை அவிழ்க்க மறந்து கிளம்பிவிட்டாராம். பாலக்காட்டுக் கணவாய் மேகத்துக்குள் புகுந்தால் ஒரே ஈரம். மேல் இறக்கை நிழல் கொடுக்க, கீழ் இறக்கை மழைத் தண்ணீரைத் தேக்க, கன்றுகள் கண்ணெதிரே நெடுநெடுவென்று வளர்ந்து குலை தள்ளின. பாரம் தாங்காமல் வண்டி தாழ, ஒரு கையால் ஓட்டிக்கொண்டே மறு கையால் பழத்தை உரித்துத் தின்று பாரத்தைக் குறைத்தாராம்.

"கட்டினது பூவன் கன்னுதானுங்ண்ணா?" என்றான் திருமூர்த்தி.

"கட்டினது பூவன். பழுத்தது நேந்திரம். கேரளாப் பக்கம் போனா பின்ன என்னடா காய்க்கும்?"

சிரிப்பில் யாருக்கோ பொரி புரையேறியது. அப்போதுதான் இறக்கைக்கு அந்தப் பக்கமிருந்து கேப்டன் அம்மா தலையை நிமிர்த்தினார். இறக்கைகளை இழுத்துக் கட்டியிருக்கும் கம்பிகளைச் சரிபார்த்தபடியே அத்தனையையும் கேட்டிருக்கிறார்.

தன் அப்பாவுக்கு ஒரு வழக்கம் உண்டு என்றார் அம்மா. பூஜையன்று முன் சீட்டு, வானத்துக்கே போகாத ஆளுக்குத்தான்.

"மாரப்பனுக்கு இதெல்லாம் சலிச்சுப் போயிருக்கும். திருமூர்த்தி, நீ ஏறு."

பறக்கும்போது மாட்டிக்கொள்ளும் தோல் தொப்பி திருமூர்த்தி கைக்குப் போயிற்று. மாரப்பண்ணன் விரித்த கையை மெதுவாக இறக்கினார். தோள் துண்டை எடுத்து, ஏற்கனவே துடைத்திருந்த இறக்கையை மறுபடி துடைத்தார். அவர் முகத்தைப் பார்க்காமலிருக்க நாங்கள் எல்லோரும் வாழைக்கன்றை அவிழ்க்கப் போனோம். நான் போனதே இல்லீங்கம்மா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதைச் சொல்வதற்கு அவர் வாய் பழகவில்லை.

துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு அம்மாவிடம் வந்தார்.

"ஒரு சின்ன சந்தேகமுங்கம்மா. தனியா ஓட்டறவன் எந்த சீட்டுல உட்காருவானுங்க?"

"பின் சீட்டுல."

"அதேதானுங்க. அத்தனை தடவையும் நான் பின் சீட்டுலதான் போனேன். முன் சீட்டுல உட்கார்ந்ததே இல்லீங்க."

அம்மா திருமூர்த்தியைப் பார்த்தார். அவன் பாதி மாட்டியிருந்த தொப்பியைக் கழற்றினான். அதை மாரப்பண்ணன் தலையில் வைத்து அழுத்தினான்.

"ஏறித் தொலைங்கண்ணா."

ஆரோக்கியம் காற்றாடியைச் சுற்றிவிட்டார். குருவி புல்லில் குதித்துக் குதித்து ஓடி, ஒரு குதிப்பில் இறங்க மறந்துபோய் மேலேயே நின்றுகொண்டது. இன்ஜின் சத்தத்தையும் மீறி மாரப்பண்ணன் சிரிப்பது கேட்டது. சிரிப்பென்றால் சிரிப்பு, கிச்சுக்கிச்சு மூட்டின மாதிரி. குருவி வேலமரத்துக்கு மேலே வளைந்து, தாழ்ந்து, எங்கள் தலைக்கு மேலேயே வந்தது. அப்போது வானத்திலிருந்து பொலபொலவென்று வெள்ளையாக என்னவோ விழுந்தது. திருமூர்த்தி மீசையிலிருந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டுப் பார்த்தான். பொரி. அவர் சட்டைப்பையில் வைத்திருந்த பொட்டலத்தைக் காற்று பிரித்திருக்கிறது.

குருவி இறங்கியது. தொப்பியைக் கழற்றியதும் தேங்காய் நார் மாதிரி முடி நின்றது. இனி வருஷம் முழுக்கத் தாங்கும் புளுகு வரப் போகிறதென்று சுற்றி நின்றோம். அவர் இறக்கையைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"நல்லா இருந்துச்சு" என்றார்.

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதான்."

திருமூர்த்திக்குப் பொறுக்கவில்லை. கையை விரித்துக்கொண்டு தானே ஆரம்பித்துவிட்டான்.

"கீழ நின்ன எங்களைக் கேளுங்கண்ணா. பொரி மழை. மூட்டை மூட்டையா கொட்டுது. கணுக்கால் வரைக்கும் பொரி. நடக்க முடியல."

மாரப்பண்ணன் காலி சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"ஒரு பொட்டலம்டா" என்றார். "புளுகாத."