மீசையில் தொடங்கிய ஆணை

ஆலின் நிழலில் அமர்ந்து, பேசாமலே பொருள் உணர்த்திய பெருமானின் மலரடி போற்றி!

வேங்கைமாறன் ஆண்ட நாட்டில் மூன்றாண்டுகளாகக் கார்காலம் வழிதவறிப் போயிற்று. வெயிலோ அழையா விருந்தாளியாய் ஐப்பசி வரை தங்கிற்று.

அமைச்சர் மழவராயர் வழி சொன்னார்: "அரசே, நகர் முழுமைக்கும் ஒரே பந்தல் போடுவோம். கால் நடுவதற்குக் குருவிமலைக் காட்டை வெட்டலாம். அங்கே கனி உண்டா, மருந்து உண்டா? வெறும் முள்ளும் மந்தியும்!"

"நிழல் வேண்டிக் காட்டை வெட்டுவதா!" என்று சிரித்துவிட்டார் அவைத்தோழர் அம்பலவாணர்.

மன்னருக்குச் சினம் மூண்டது. "மனிதருக்குப் பயன்படாத எதுவும் என் நாட்டில் நிற்கலாகாது! நாளைக் காலை இவ்வாணையை நீரே நிறைவேற்றும். ஒன்று தப்பினாலும் உமது தலை தப்பாது."

மாலைதோறும் சிவநாமம் சொல்லியபடி அம்பலவாணர் நடக்கும் காடு அது. அப்போதுதான் அரச குலத்தின் வழக்கம் அவர் நினைவுக்கு வந்தது. எந்த ஆணையும் மன்னரிடமே தொடங்க வேண்டும். நாட்டுக்கு நோன்பு என்றால் முதல் பட்டினி மன்னருடையது.

மறுநாள் அவை கூடியது. அம்பலவாணர் நுழைந்தார், பின்னே தீட்டிய கத்தியோடு நாவிதர் நல்லான்.

"இவர் எதற்கு?"

"ஆணையைத் தொடங்க, அரசே. வழக்கப்படி முதலில் தங்களிடம். தலை முதல் கால் வரை எண்ணிப் பார்த்தேன். கண் காக்கிறது, கை கொடுக்கிறது. மீசையால்தான் குடிகளுக்கு ஒரு பயனும் இல்லை. நல்லான், நீரைத் தடவும்!"

மன்னர் மீசையைப் பொத்திக்கொண்டு அரியணைக்குப் பின்னே பாய்ந்தார். "தொடாதே! பன்னிரண்டு ஆண்டு நெய் தடவி வளர்த்தது!"

"பயன்?"

"என்னய்யா பெரிய பயன்! அது இருக்கிறது. அது போதாதா?"

"குருவிமலையும் அதையே சொல்கிறது, அரசே. பாவம், அதற்கு ஓடி ஒளிய அரியணை இல்லை."

மன்னர் மெல்லத் தலையை நீட்டினார். "காடு மழை தரும் என்று நேற்றே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்கலாம். மழைக்கு வேறு வழி கிடைத்த அன்றே கோடரி திரும்பி வருமே! முள்ளைப் படைக்கும்போது இறைவன் நம்மைக் கேட்டுக்கொண்டா படைத்தான்?"

மன்னர் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். ஆணை எழுதிய ஓலையைக் கிழித்தார். தம் முத்துமாலையை அம்பலவாணருக்கு அணிவித்தார்.

"அப்படியானால் என் பந்தல்?" என்று முனகினார் மழவராயர்.

மன்னர் மீசையை முறுக்கினார். "இறைவன் போட்ட பந்தல் குருவிமலையில் இருக்கிறது. போய் அமரும், ஐயா. உம்மால் தனக்கு என்ன பயன் என்று அது கேட்காது!"

இதைக் கேட்டோர் மனைதோறும் காலத்தே மழை பொழிக. முள்ளும் மந்தியும் அவர்களோடு கூடி வாழ்க!