முயல் பள்ளியில் ஆமைப் பாடம்

குளத்தங்கரைக் காட்டில் முயல் குட்டிகளுக்கு ஒரு பள்ளி இருந்தது. பாடம் நடத்தியவர் மயில் வாத்தியார். தோகையைக் கோதவே அவருக்குப் பொழுது போதாது.

அந்தக் காட்டில் நல்ல வழக்கம் ஒன்று உண்டு. தெரிந்ததைப் பனையோலையில் எழுதி ஆலமரப் பொந்தில் வைப்பார்கள். வேண்டியவர்கள் இலவசமாக எடுக்கலாம், மாற்றியும் கொள்ளலாம்.

‘நரி வந்தால் என்ன செய்வது?’ என்ற ஓலையை வாத்தியார் எடுத்தார். ஓரமெல்லாம் பூ வேலைப்பாடு. அடியில், “அருமை! அருமை!” என்று பலருடைய பாராட்டு. அவருக்கு அது போதும்.

“குழந்தைகளே! நரி வந்தால் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு அசையாமல் கிடக்க வேண்டும்!”

“ஐயா, எங்க தலை உள்ளே போகாதே?” என்றது கடைக்குட்டி.

“எதிர்த்துப் பேசாதே! எல்லாரும் புகழ்ந்த பாடம் இது!”

பாவம், குட்டிகள் மனப்பாடம் செய்தன.

மறுநாளே நரி வந்தது. தாய் முயல் செவந்தி பின்காலால் தரையைத் தட்டி, “ஓடுங்க! ஓடுங்க!” என்று கத்தினாள். ஒரு குட்டியும் ஓடவில்லை. கழுத்தைச் சுருக்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தன! நரிக்குக் கொண்டாட்டம். கடைக்குட்டியின் காதைக் கவ்வியது. செவந்தி பாய்ந்துவந்து நரியின் கண்ணில் மண்ணை உதைத்தாள். அது தடுமாறிய நேரத்தில் பிள்ளைகளை வளைக்குள் தள்ளினாள். உயிர் தப்பியது, ஆனால் கடைக்குட்டிக்குப் பாதிக் காது போய்விட்டது.

ரத்தம் சொட்டும் பிள்ளையோடு அவள் பள்ளிக்கு வந்தாள்.

“யாரு எழுதின பாடம் இது?”

“ஆமைதான் எழுதிச்சு! அதைப் போய்க் கேளு!” என்று வாத்தியார் கூசாமல் பழியைத் தூக்கிப் போட்டார்.

செவந்தி கூப்பிட்டதும் குளத்திலிருந்து ஆமை வந்தது. அதற்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“ஓடு உள்ள ஆமைக் குட்டிகளுக்கு மட்டும்னு முதல் வரியிலேயே எழுதியிருக்கேன்! பாராட்டினது பூரா ஆமைங்க! படிச்சே பார்க்கலையா நீங்க?”

“சும்மா கிடைச்சதுதானே...” என்று வாத்தியார் இழுத்தார்.

“பாடம் சும்மா கிடைச்சது! என் பிள்ளைங்க சும்மா கிடைச்சாங்களா?” என்று செவந்தி சீறினாள்.

வாத்தியார் தோகையைக் கோதுவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். சரியான கேள்வி கேட்ட குட்டியை மட்டும் அடக்கத் தெரிந்தது அந்த வாய்க்கு! செவந்தி பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போனாள், ஓடப் பழக்குவதற்கு.

இலவசமாகக் கிடைத்தாலும், ஊரே புகழ்ந்தாலும், நம் பிள்ளைகளுக்குப் பொருந்துமா என்று பார்க்காமல் எந்தப் பாடத்தையும் கற்றுத்தரக் கூடாது.